உயராத வலக்கை

வெர்லன் சோரன்சன் என் தாய்மாமா. யூட்டாவின் சான்பீட் பள்ளத்தாக்கில் நாற்பது வருடம் வான்கோழி வளர்த்தவர். சிரித்தால் அவர் முகம் அசையாது. குரலில்தான் சிரிப்பு தெரியும்.

எங்கள் சபையில் ஒருவருக்குப் பொறுப்பு கொடுத்தால், ஞாயிறு கூட்டத்தில் எல்லோரும் வலக்கையை உயர்த்தி ஆதரவு சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் என் அப்பாவை ஆயராக அறிவித்தபோது மாமாவின் கை மட்டும் உயரவில்லை. "மறுப்பவர் உண்டா?" என்றதற்கும் உயரவில்லை. அன்றிலிருந்து என் அம்மா லாரூ அவரோடு பேசுவதில்லை.

எங்கள் வீட்டில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். சால்ட் லேக்கில், தசை தேயும் நோய்களை ஆராயும் கூடத்தில் வேலை. தோள்பட்டை எலும்பு சிறகுபோல் புடைத்த நோயாளியின் படத்தை அங்கே பார்த்த அன்றுதான் மாமாவின் முதுகு நினைவுக்கு வந்தது. இத்தனை வருடம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

ரத்தம் எடுக்கப் போனபோது மாமா சொன்னார்: "இடது கையால முழங்கையத் தாங்கினாத்தான் வலது கை மேல போகும். அன்னிக்கு இடது கைல நீ தூங்கிட்டிருந்த. எழுப்பியிருந்தா ஊரையே கூட்டியிருப்ப."

"அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே மாமா?"

"கை தூக்க முடியாதவன் வான்கோழி வளக்கிறான்னு சிரிப்பாங்க."

ஒப்பிட்டுப் பார்க்க அம்மாவிடமும் ரத்தம் கேட்டேன். முதலில் முறைத்தாள். "எனக்கென்னடி நோய்? குத்திக்கோ, போ."

முடிவு வந்தது. இருவரிடமும் ஒரே மரபணுத் துண்டு இருக்கவேண்டிய நீளத்தைவிடக் குட்டை, அதுவும் ஒரே அளவு. கருவின் முதல் நாட்களில் மட்டும் விழித்திருந்து, பிறகு ஆயுள் முழுக்க உறங்கவேண்டிய மரபணு ஒன்று அங்கே இருக்கிறது. அதை உறங்கவைப்பவை மெத்தில் என்னும் வேதிக் குறிகள். அம்மாவிடம் அவை கனத்த போர்வை. மாமாவிடம் நைந்த போர்வை. ஏன் அப்படி என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது.

"அப்போ எனக்கும் வந்திருக்கலாமா?" என்றாள் அம்மா. தலையசைத்தேன். இடது கைக் கதையையும் சொன்னேன். அவள் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

மாமா ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். வெளியே பனி ஓசையின்றி விழுந்துகொண்டிருந்தது. அம்மா அவர் எதிரே அமர்ந்து, அவர் கண்களைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னாள்: பேசாத கிறிஸ்துமஸ்கள், போகாத பிறந்தநாள்கள், "நானே கேட்டிருக்கணும், அண்ணா". அவர் கண்கள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தன. பனியின் வெளிச்சம் அவற்றில் மிதந்தது. இந்த நோயில் இமைகள் முழுதாக மூடாது என்பது எனக்குத் தெரியும். அவளை நிறுத்த மனம் வரவில்லை.

மெல்லிய குறட்டை கேட்டது.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "தூங்குறாரா?"

சத்தத்தில் மாமா விழித்தார். "லாரூ? எப்ப வந்த?"

"அரை மணி நேரமாச்சு. அத்தனையும் திருப்பிச் சொல்லணுமா?"

"ஆமா," என்றார் மாமா. "மொதல்லேர்ந்து சொல்லு."