கால் கட்டுக்குக் காட்டிய தண்ணீர்

என் மச்சினனை எனக்கு ஆதியிலிருந்தே பிடிக்காது. தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்துக்கு ரயில் வந்த புதிதில், கம்பெனி கட்டிய தொழிலாளர் லைன் வீடுகளுக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசிக்கொண்டிருந்த கொத்தனார். சுவரைப் பற்றித் தெரிந்ததை வைத்துக்கொண்டு உலகத்துக்கே புத்தி சொல்வான்.

அந்த வருஷம் நான் வேலை பார்த்த சுரங்கத்தில் கல் சரிந்து என் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரஸ்ஸர், வெள்ளைப் பொடி ஏற்றிய துணிச்சுருளைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து காலில் சுற்றினார்.

"இது ஜிப்சம் கல்லு. வறுத்தா உள்ள இருக்கிற தண்ணி போயி பொடியாவும். தண்ணி கலந்தா மறுபடி கல்லாவும். இறுகறப்போ சுடும், கத்தாத."

சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கால் மணி நேரத்தில் கட்டு இறுகிவிட்டது.

"இனிமே தண்ணி படக்கூடாது. ஊறிப்போச்சின்னா எலும்பு நகர்ந்துடும்" என்றார். கால் கோணினால், ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏற விடமாட்டார்கள். வேலை போனால் லைன் வீடும் போகும். அதை அவர் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் மச்சினன் வந்து கட்டை நகத்தால் சுரண்டினான். மாவாக உதிர்ந்தது.

"இன்னா மாமா, பூசிட்டு அப்படியே காய வுட்டுட்டாங்களா? ஏழு நாள் தண்ணி காட்டலன்னா வெடிச்சிடும்!"

"டிரஸ்ஸர் கூடாதுன்னாரே."

"அவுரு எத்தினி சுவரு பூசினாரு?"

ஈரக் கோணியைச் சுற்றி, சொம்பு சொம்பாக ஊற்றினான். இரண்டு நாள் இப்படி. மூன்றாம் நாள் அவன் வேலைக்குப் போய்விட்டான். அதற்குள் கட்டு பிசைந்த மாவு போல் குழைந்திருந்தது.

டிரஸ்ஸர் அதை வெட்டி எடுத்தபோது கால் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. புதுக் கட்டுப் போட்டும் அது நேராகவில்லை. கேஜ் வாசலில் என்னை நடக்கச் சொன்ன துரை, நாலடி பார்த்துவிட்டுக் கையை வீசிப் போகச் சொன்னான். வீட்டைக் காலி செய்தோம்.

லைன் முழுக்க மச்சினனைக் காறித் துப்பியது. நானும் துப்பினேன், கொஞ்சமும் கூசாமல். அவன் அதன்பிறகு என் முகத்தைப் பார்த்ததில்லை.

ஆனால் அந்த மூன்றாம் நாள் கட்டு குழைந்திருப்பதை என் விரல் தொட்டுப் பார்த்தது. உள்ளே அரிப்புத் தாங்கவில்லை, தண்ணீர் பட்டால் சுகமாக இருந்தது. மனைவியைக் கூப்பிட்டு, "இன்னொரு சொம்பு ஊத்து" என்றேன். இதை அவனிடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.