ஆடிட் பதில்

சாயப்பட்டறைத் தொட்டியைக் கழுவ இறங்கிய என் அண்ணன் விஷவாயு தாக்கி இறந்துபோனான். இனி எந்தப் பட்டறையிலும் முகமூடி இல்லாமல் யாரும் இறங்க மாட்டார்கள் என்று அமைச்சர் சட்டசபையில் உறுதி கொடுத்தார். அது நடக்கிறதா என்று பார்க்க எம்.எல்.ஏ.க்கள் குழு ஒன்று அண்ணனும் நானும் வேலை பார்த்த பட்டறைக்கு வந்தது.

குழுவில் இருந்த பெண் உறுப்பினர் தொட்டியருகே நின்ற என்னிடம், "முகமூடி குடுக்கறாங்களா கண்ணு?" என்று கேட்டார்.

"குடுக்கறாங்கம்மா. எல்லாம் நல்லா இருக்குதுங்க."

துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் பட்டறையைச் சோதிக்க ஆடிட்டுக்கு வரும்போதெல்லாம் சொல்லிப் பழகிய பதில். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் எழுதிக்கொண்டு நகர்ந்தார். பின்னாலேயே ஓடினேன்.

"அதை அடிச்சுருங்கம்மா. இந்தத் தொட்டியில செத்தது எங்கண்ணனுங்க. இன்னைக்கும் முகமூடி இல்லீங்க."

"ஏம்ப்பா, ஒரு வாய்ல ரெண்டு பேச்சா?" என்றார் மேனேஜர்.

அந்த அம்மா எழுதியதை அடித்தார். "அண்ணன் பேரைச் சொல்லு கண்ணு."

அவன் போன பிறகு அன்றைக்குத்தான் அவன் பேரை வாய்விட்டுச் சொன்னேன்.