எடை இறங்காமல் காத்திருந்த மாதங்கள்

அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த அந்த ஐந்து மாதமும் என் முழுநேர வேலை சாப்பிடுவதுதான். காலையில் எட்டு முட்டை, பரோட்டா போன்ற ரொட்டி சானாய் நான்கு. பத்து மணிக்கு ஒரு தட்டு சோறும் கோழியும். மதியம் மறுபடி சோறு. மூன்று மணிக்கு வாழைப்பழமும் ஓட்ஸும் போட்டு, கெட்டிப்பால் ஊற்றி அடித்த ஒரு பெரிய குவளை. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு வேளை. பசி எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துத் தெப்ராவில் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, அடுத்த கவளத்தை வாயில் வைக்க மனதைத் திடப்படுத்திக்கொண்டிருப்பேன்.

நான் அமெரிக்கக் கால்பந்து ஆடியவன். அந்த ஆட்டத்தில் பந்தை எறிகிறவனுக்கு முன்னால் ஐந்து பேர் வரிசையாக நிற்பார்கள். அவனைச் சாய்க்க எதிரணி ஆட்கள் பாய்ந்து வருவார்கள். மூன்று நான்கு விநாடி அவர்களை நெருங்கவிடாமல் தடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. நான் நின்ற இடத்தில் பந்தைத் தொடவே வேண்டியதில்லை. ஒழுங்காகத் தடுத்தால் யாரும் நம்மைப் பார்க்க மாட்டார்கள். ஒரு தடவை கோட்டைவிட்டால் அரங்கமே பார்க்கும். இந்த ஆளுக்கு அங்கே லைன்மேன் என்று பெயர். என் மனைவியின் அண்ணன், மச்சான், இதை முதலில் கேட்டபோது, “லைன்மேனா? கரண்டு கம்பத்துல ஏறவா அவ்ளோ தூரம் போற, மாப்ள?” என்றார்.

பள்ளியிலும் பிறகு ஜொகூர் அணியிலும் ரக்பி ஆடிக்கொண்டிருந்தேன். பெரிய உடம்பு, அதற்குப் பொருந்தாத கால் வேகம். ஆசியாவில் ஆள் தேடி வந்த ஒருவர் கண்ணில் பட்டேன். இருபத்து நான்கு வயதில் விமானம் ஏறினேன். மூன்று வருடங்கள், இரண்டு அணிகள். பெரும்பாலும் பயிற்சிக்கு மட்டும் வைத்திருக்கும் ஆட்களில் ஒருவனாக இருந்தேன். வாரம் முழுக்க அணியின் நல்ல ஆட்களோடு மோதி அவர்களைத் தயார் செய்ய வேண்டும். போட்டி நாளில் சாதாரண உடுப்போடு ஓரமாக நிற்க வேண்டும். உண்மையான போட்டியில் நான் இறங்கியது நான்கே முறை. இடது முழங்கால் அதற்குள்ளேயே இரண்டு தடவை வீங்கி வடிந்துவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கோச் கூப்பிடுகிறார், உன் டேப்லெட்டையும் எடுத்துக்கொண்டு வா என்று ஒருவர் வந்து சொன்னார். ஆட்டத் திட்டங்கள் எல்லாம் அந்த டேப்லெட்டில்தான் இருக்கும். அதைத் திருப்பிக் கேட்டால் உன் கதை முடிந்தது என்று அர்த்தம். ஒரு வாரத்தில் ஊரில் இருந்தேன்.

எனக்காக அணிகளோடு பேசும் ஏஜெண்ட் ஒன்றைச் சொல்லி அனுப்பியிருந்தார். சீசன் நடுவில் யாருக்காவது அடிபடும், அப்போது ஏதாவது ஓர் அணி கூப்பிடும், உடம்பைத் தயாராக வைத்துக்கொள், எடை மட்டும் நூற்று முப்பத்தைந்து கிலோவுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆக, முகம் தெரியாத யாரோ ஒருவனுக்கு அடிபட வேண்டும், அதுதான் என் நம்பிக்கை. திங்கட்கிழமை காலைகளில் போனில் ஆட்டம் பார்ப்பேன். வரிசையில் நிற்பவன் ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் உருண்டால், என்னை அறியாமல் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவேன். ஒரு நாள் மனைவி அதைப் பார்த்துவிட்டாள். கிளினிக் வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

ஜொகூர் வெயிலில் எடை நிற்காது. பயிற்சி செய்தால் கரையும், செய்யாவிட்டால் கால் மந்தமாகும். வீட்டுத் தராசு நூற்று இருபதோடு நின்றுவிடும் என்பதால், சனிக்கிழமைகளில் மச்சான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கிடங்குக்குப் போய், சரக்கு நிறுக்கும் தரைத்தராசில் ஏறி நிற்பேன். “நூத்தி முப்பத்தெட்டு,” என்பார் மச்சான். அடுத்த வாரம், “முப்பத்தேழு.” பிறகு ஒரு வாரம் தராசைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“எவ்ளோ, மச்சான்?”

“முப்பத்தஞ்சரை. தண்ணி குடிச்சிட்டு மறுபடி ஏறு லா.”

அன்று மதியம் சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்துவிட்டது. வாயைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி தட்டை நிரப்பினேன். “போதுங்க,” என்றாள் மனைவி. “உங்களப் பாக்கவே பயமா இருக்கு.” நான் அடுத்த கவளத்தை உருட்டினேன்.

கிடங்குக்குப் பின்னால் கால்வாயை ஒட்டி ஒரு காலி இடம். அங்கேதான் பயிற்சி. முதலில் மச்சானின் வேனைத் தள்ளினேன். ஆனால் வேன் நம்மீது பாயாது, ஏமாற்றிப் பக்கவாட்டில் நழுவாது. எனக்கு ஓர் ஆள் வேண்டும். என்னோடு மோத இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? மச்சானுக்கு நாற்பது வயது, நல்ல பருமன். “நான் நிக்கறேன், மாப்ள. அப்படி என்னா பெரிய வேல,” என்றார். பழைய மெத்தை ஒன்றை நெஞ்சில் வைத்துச் சரக்குக் கட்டும் வாரால் இறுக்கிக்கொண்டு என்மேல் ஓடி வருவார். ஆரம்பத்தில் இரண்டு பேருமே சிரித்தோம். நான் பாதிப் பலத்தைத்தான் காட்டுவேன்.

டிசம்பரில் ஏஜெண்டிடமிருந்து செய்தி வந்தது. ஓர் அணியில் இரண்டு பேருக்கு அடி. புதிய வீடியோ கேட்கிறார்கள், மூன்று நாளுக்குள் வேண்டும்.

ஞாயிறு காலை மழை விட்டதும் போனோம். மனைவி போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மச்சான் மெத்தையோடு ஓடி வந்தார், தடுத்தேன். போனில் பார்த்தேன். இடது கால் அரை விநாடி தாமதமாகப் பின்னால் போகிறது. அந்த அரை விநாடியைப் பார்த்தால் போதும், அங்கே இருப்பவர்கள் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள். “இன்னொரு தடவ, மச்சான்.” மறுபடி தாமதம். இன்னொரு தடவை. பத்துப் பன்னிரண்டு முறை ஆகியிருக்கும். மச்சான் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நின்றார்.

“கொஞ்சம் மூச்சு விட்டுக்கறேன், மாப்ள.”

“ஒரே ஒரு தடவ. வேகமா வாங்க, மச்சான். நெசமா என்னைய விழுத்தாட்டற மாதிரி வாங்க.”

அவர் வந்தார். இந்த முறை கால் சரியாகப் போனது. இரண்டு உள்ளங்கையும் மெத்தையின் அடியில் சரியாகப் பதிந்தன. முழுப் பலத்தையும் கொடுத்தேன். மச்சானின் கால்கள் தரையை விட்டு எழும்பின. பின்னால் போய்க் கால்வாய் ஓரத்துச் சிமெண்டில் வலது கை அடியில் மடங்க விழுந்தார். “அலமாக்!” என்று ஒரு சத்தம், பிறகு முனகல்.

மனைவி அண்ணனை நோக்கி ஓடினாள். நான் அவளைப் பார்த்துக் கேட்டது இதுதான்:

“ரெக்கார்ட் ஆச்சா?”

அவள் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியவில்லை.

மணிக்கட்டில் இரண்டு எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வந்த மச்சான்தான் என்னைத் தேற்றினார். “எந்த லாரி மோதிச்சுன்னு டாக்டர் கேட்டாரு. சின்ன லாரிதான்னு சொல்லிட்டேன்.” நானும் சிரிக்க முயன்றேன். அதற்கு முன்பே, அவரை உள்ளே அழைத்துப் போயிருந்த நேரத்தில், கார் நிறுத்துமிடத்தில் நின்று அந்த வீடியோவைப் பார்த்திருந்தேன். மூன்று வருடத்தில் அத்தனை சுத்தமாக நான் தடுத்ததில்லை. மச்சான் விழுவது தெரியாதபடி வெட்டி ஏஜெண்டுக்கு அனுப்பியும் விட்டிருந்தேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது. எதிரே இருப்பவர் ஆட்டக்காரர் இல்லை, யாரோ ஒரு நடுத்தர வயது ஆள், அவரைத் தள்ளியதை வைத்து எதையும் கணிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். அந்த அணிக்குப் பக்கத்து ஊரில் இருந்த ஒருவனை எடுத்துக்கொண்டார்கள்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வெட்டி அனுப்பியதையும் சேர்த்து. “அண்ணன்கிட்ட நீங்களே சொல்லுங்க,” என்றாள். போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மச்சான் கேட்டார், “என்னா சொன்னானுங்க, மாப்ள? நான் ஓடி வந்தது சரியா இருந்துச்சா?”

“ரொம்ப நல்லா இருக்குன்னாங்க, மச்சான். பக்கத்துல ஆள் கெடைச்சிட்டான், அதான்.”

“பாத்தியா! அடுத்த தடவ கெடைச்சிடும்,” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன். கிடங்கில் அவர் இல்லாத வாரங்களில் நான் போய் மூட்டை இறக்கிக் கொடுத்தேன். அங்கிருந்தவர்கள் எல்லாரிடமும், அமெரிக்காவே பாராட்டியது என்று மச்சான் போனில் சொல்லி வைத்திருந்தார்.

ஜனவரியில் ஏஜெண்ட் விலகிக்கொண்டார். இனி உனக்காகப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை, மன்னித்துக்கொள் என்று நான்கு வரி. மனைவியை அழைத்துப் போகக் கிளினிக் வாசலில் காத்திருந்தபோது அதைப் படித்தேன். அவள் வந்து கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். போனை நீட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“நான் வேற எதுக்கும் லாயக்கில்ல,” என்றேன். “மூணு வினாடி ஒருத்தன நிறுத்தி வைக்கறது தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது.”

மழை வலுத்துக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற கார்க்காரர் ஹாரன் அடித்தார். நான் வண்டியை எடுக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

“எறங்குங்க,” என்றாள். “நான் ஓட்டறேன்.”

நனைந்துகொண்டே சுற்றி வந்து அந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.