கனி பாய் கிளாஸ் கழுவிய நாள்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் அப்துல் கனி பாயின் டீக்கடையைத் தேட வேண்டியதில்லை. ஓயாமல் பேசும் குரல் ஒன்று கேட்கும், அதைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். தலைக்கு மேலே கையைத் தூக்கி டீ ஆற்றியபடியே பேரூராட்சியிலிருந்து அமெரிக்கா வரை திட்டுவார். ஒரு சொட்டு கீழே சிந்தாது. நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அந்த டீ உள்ளே போகாவிட்டால் எனக்குப் பாடம் வராது, கோபம் மட்டும் வரும்.

அவரிடம் ஒரு பழக்கம். பஸ்ஸிலிருந்து கைக்குழந்தையோடு யார் இறங்கி வந்து பால் கேட்டாலும் காய்ச்சி ஆற்றிக் கொடுப்பார், காசு வாங்க மாட்டார். "பச்சப் புள்ள வாயில போறதுக்கு இன்னா காசு? எடுத்துக்கினு போம்மா" என்பார். அவருடைய அத்தா கடை நடத்திய காலத்திலிருந்தே அப்படித்தான். பாலைக் கொடுத்த கையோடு அந்தப் பெண்ணின் பிறந்த வீடு, புகுந்த வீடு எல்லாவற்றையும் விசாரித்துவிடுவார் என்பது வேறு விஷயம்.

போன சித்திரையில் பெரிய பால் கம்பெனி மறுபடியும் விலையை ஏற்றியது. சுற்றுவட்டாரப் பாலெல்லாம் அந்தக் கம்பெனிக்கே போவதால், டீக்கடைகளுக்கு வேறு பாலும் கிடைக்காது. டீக்கடைச் சங்கத்துத் தலைவர் கனி பாய்தான். கூட்டத்தில் முழங்கினார். "மாடு நம்ம புள்ளலூர்ல மேய்து, புள்ளலூர்ல கறக்குது. அந்தப் பால அடிமாட்டு வெலைக்கு வாங்கிக்கினு போயி, கவர்ல ஊத்தி நம்மகிட்டயே யானை வெல சொல்றான். இன்னா நாயம் இது?"

விலை இறங்கும் வரை அந்தப் பாலை எந்தக் கடையும் தொடக் கூடாது, பால் போடாத டீயும் சுக்குக் காப்பியும்தான் என்று முடிவானது. மீறினால் அபராதம் போடலாம் என்றார் ஒருவர். பாய் ஒத்துக்கொள்ளவில்லை. "கட்டிட்டுப் போயினே இருப்பான். பாக்கெட் வாங்கினவன் ஒரு நாள் பூரா இன்னொருத்தர் கடையில கிளாஸ் கழுவணும்." டீ மாஸ்டருக்கு இதைவிடத் தலைகுனிவு கிடையாது. ஆற்றுகிற கை எச்சில் தொட்டிக்குள் போவதாவது! எதிர்ச் சாரியில் கடை வைத்திருக்கும் சங்கச் செயலாளர் சுந்தரவல்லிதான் பலமாகக் கை தட்டினார். இருவருக்கும் தினம் ஒரு சண்டையாவது போட்டால்தான் பொழுது விடியும்.

பாவம், நடுவில் மாட்டியது நான். "பாய், இது டீயா கஷாயமா?" என்று கேட்டேன். "குடிங்க வாத்தியாரே, கோவம் கொறையும்" என்றார். குறையவில்லை.

கம்பெனியின் ஏஜென்ட் வரதனுக்கும் கடை அங்கேயேதான். அவன் ஒரு நாள் பாயிடம் வந்து, உங்களுக்கு மட்டும் பழைய விலைக்கே தருகிறேன் என்று காதைக் கடித்தான். பாய் கரண்டியோடு துரத்தினார். அப்புறம் என்னிடம், "ஒருத்தன் ஒடைஞ்சா போதும் வாத்தியாரே, மத்தவன்லாம் பின்னாலயே போயிடுவான். அதுக்குத்தான் காத்துக்கினு கீறான்" என்றார்.

அந்த வாரமே சோதனை வந்துவிட்டது. வந்தவாசி பஸ்ஸிலிருந்து ஒரு பெண் அழுகிற குழந்தையோடு ஓடி வந்தாள். "அண்ணா, கொண்டாந்த பால் திரிஞ்சிபோச்சி. கொஞ்சம் பால் குடுங்கண்ணா, பஸ்ஸு கெளம்பிடும்."

பாய் காலிப் பாத்திரத்தைப் பார்த்தார். பக்கத்தில் வீடுகள் கிடையாது, எல்லாம் கடைகள். எதிரே சுந்தரவல்லி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குழந்தைக்கு அழுது அழுது குரலே போய்விட்டது. பாய் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எல்லாரும் பார்க்க நேராக வரதன் கடைக்கு நடந்தார்.

"ஒரு பாக்கெட் குடு. புது வெலையே எடுத்துக்கோ."

வரதனுக்கு வாயெல்லாம் பல். பாக்கெட்டும் கையுமாகப் பாயைப் போட்டோ எடுத்து, டீக்கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிட்டான்.

பாய் பாலைக் காய்ச்சினார். வழக்கமான உயரமெல்லாம் இல்லை. தாழ்வாக, பதமாக ஆற்றி, புறங்கையில் விட்டுப் பார்த்துக் கொடுத்தார். குழந்தை குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. மிச்சத்தை அந்தப் பெண்ணின் பிளாஸ்க்கில் ஊற்றினார். பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் நின்றது. நான் அதையே பார்த்தேன்.

"வாத்தியாரே, ஒங்களுக்குப் பல்லு மொளச்சி விழவே ஆரம்பிச்சாச்சி" என்று அதையும் பிளாஸ்க்கிலேயே கவிழ்த்தார்.

அதற்குள் போன் கதறியது. தலைவரே வாங்கிவிட்டார், நாங்கள் மட்டும் ஏன் பேஜார் படணும் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பாய் போனை வாயருகே பிடித்துப் பேசி அனுப்பினார். "ஆமா, வாங்கினேன். புள்ள அழுவுச்சி. சட்டம் போட்டவனும் நான்தான். நாளைக்கு சுந்தரவல்லி கடையில கிளாஸ் கழுவுறேன், வந்து பாருங்க."

மறுநாள் காலை பாயின் கடை மூடியிருந்தது. சலவைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, எதிர்க்கடைத் தொட்டியருகே குந்தி உட்கார்ந்திருந்தார். மற்ற கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அந்த மனிதர் மேல் எனக்கு இவ்வளவு பிரியம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஏந்துருங்க பாய், போதும்" என்றார் சுந்தரவல்லி.

"சட்டம்னா சட்டம்" என்று நிமிர்ந்த பாயின் கண்ணில் அடுப்பு ஓரத்தில் தட்டு போட்டு மூடிய சின்னப் பாத்திரம் பட்டது. "அது இன்னா தங்கச்சி?"

"பாலு."

"ஏது?"

"வரதன்கிட்ட வாங்கினதுதான். ஒங்க கடை மூடிக் கீது. கொழந்தயத் தூக்கிக்கினு எவளாவது வந்து நின்னா நான் இன்னா பண்றது?"

சுந்தரவல்லி பாயின் கையிலிருந்த கிளாஸை வாங்கித் தொட்டியில் போட்டார்.

"நாளைக்கு ஒங்க கடையில நான் கழுவுறேன். தண்ணி புடிச்சி வெச்சிருங்க."