பொத்துவில் பாதையில் எனக்குக் கேட்காமல் போன பிரேக் சத்தம்

இந்த வருடம் பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, நானும் மனைவி ஜெஸீமாவும் கல்முனையிலிருந்து பொத்துவிலுக்கு எங்கள் காரில் போய்வந்தோம். ஜெஸீமாவின் ராத்தாவின் (மூத்த சகோதரியின்) கணவர், அதாவது என் சகலன் ஆதம்பாவா, அதற்கு ஏழு கிழமைக்கு முன் மவுத்தாகியிருந்தார். ராத்தா இத்தாவில் இருக்கிறா. கணவனை இழந்தவர் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்கும் காலம் அது. ஜனாஸா அடக்கத்துக்குப் போய் நின்றுவிட்டு வந்தவன்தான் நான். பிறகு ராத்தாவே, "ரெண்டு பேரும் ஒருக்கா வந்திட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தா. காரணம் சொல்லவில்லை.

ஆதம்பாவாவும் நானும் ஒரே அரிசி ஆலையில் பதினெட்டு வருடம் மெஷின் பார்த்தவர்கள். பத்து வருடத்துக்கு முன் எல்லாருக்கும் முன்னால் அவர் என்னைக் கேட்ட ஒரு கேள்வியில் நான் அவரோடு கதைப்பதை நிறுத்திக்கொண்டேன். அதன் பிறகு பெருநாளைக்குச் சலாம், கலியாண வீட்டில் ஒரு கை கொடுப்பு. அவ்வளவுதான்.

காலை 7.10க்குப் புறப்பட்டோம். எங்கள் வாசலிலிருந்து பொத்துவில் வீட்டு வாசல் வரை மீட்டரில் 71 கிலோமீட்டர். மூவாயிரம் ரூபாவுக்குப் பெட்ரோல் அடித்தேன். போய்வர அது தாராளமாகப் போதும் (அன்று போதவில்லை, அது பிறகு வரும்). வேளாண்மை வெட்டு நேரம் என்பதால் காரைதீவு தாண்டியதிலிருந்தே பாதையோரம் நெல் காயப்போட்டிருந்தார்கள். பாதி றோட்டை நெல் பிடித்திருக்கும், எதிரில் பஸ் வரும். அடிக்கடி பிரேக் பிடிக்க வேண்டும். இந்த மாதத்தில் வருபவர்கள் அரை மணித்தியாலம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

7.55. அக்கரைப்பற்றுச் சந்தியில் ஒரு முச்சக்கரவண்டிக்காரர் பக்கத்தில் வந்து கையைக் காட்டினார். கண்ணாடியை இறக்கினேன். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

"காக்கா, முன் சில்லு கத்துது. பிரேக்கப் பாருங்க."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் போன பிறகு ஜெஸீமாவைக் கேட்டேன். "உனக்குக் கேக்குதா?"

"மூணு கிழமையாக் கேக்குது. நான் சொன்னன்தானே."

சொல்லியிருந்தாள். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. ஒவ்வொரு தடவையும் நான் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, ஒன்றுமில்லை, உனக்குப் பயம், அதுதான் சத்தமாய்க் கேட்குது என்று சொல்லியிருந்தேன். மெஷின் பார்த்தவன் என்கிற பெருமை எனக்கு. ஒரு மெஷின் பிழைத்தால் எனக்குத் தெரியாதா என்று.

8.20க்குத் திருக்கோவிலில் பிளேன்டீ குடிக்க நிறுத்தியபோது, முன் சில்லுகள் இரண்டையும் ரிம் இடைவெளிக்குள்ளால் குனிந்து பார்த்தேன். டிஸ்க்கை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கிறதுதான் பிரேக் பேட். வெளியில் தெரிந்த பேட் இரண்டிலும் விரல் தடிப்புக்கு மிச்சமிருந்தது. "பாரு, நல்லாத்தான் இரிக்கி" என்றேன். ஜெஸீமா காரில் ஏறிக்கொண்டாள்.

பொத்துவிலுக்கு 9.20க்குப் போய்ச் சேர்ந்தோம். வீடு நிறைய ஆட்கள். நான் முன் மண்டபத்தில் இருந்தேன். ராத்தா உள்ளறைக் கதவுச் சீலைக்குப் பின்னால் இருந்து கதைத்தா. அழுது அழுது குரல் கம்மிவிட்டது போலிருந்தது, சொல்லொன்றும் பிடிபடவில்லை. அவ நிறுத்தியதும், சுகம் விசாரிக்கிறா என்று எடுத்துக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ், நல்ல சுகம் ராத்தா" என்றேன். மண்டபம் அமைதியாகிவிட்டது. துக்க வீடு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். ழுஹர் தொழுது, சாப்பிட்டு, 1.15க்குப் புறப்பட்டோம்.

கோமாரி தாண்டிச் சில கிலோமீட்டரில் ஒரு மாட்டுப் பட்டி பாதையைக் கடந்துகொண்டிருந்தது. ஐம்பதில் வந்தவன் பிரேக்கை மிதித்தேன். கார் இடப்பக்கம் இழுத்தது. மிதியில் ஒரு கரகரப்பு, அதைக் காலால்தான் உணர்ந்தேன். வேகம் குறைகிறது, ஆனால் நிற்கவில்லை. கடைசி மாட்டை ஓட்டிக்கொண்டு நடுப்பாதையில் நின்ற மனிதர் கம்பை உயர்த்தினார். கார் அவருக்கு ஒரு முழத்துக்குள் நின்றது.

ஜெஸீமா வாய்க்குள் கலிமா சொல்லிக்கொண்டிருந்தாள். நான் இறங்கினேன். மாட்டுக்காரர் ஏசவில்லை. முகத்தை உற்றுப் பார்த்தார்.

"உங்கட கார் அந்தத் திருப்பத்தில வரக்குள்ளயே கத்திக்கிட்டு வந்திச்சி. அதக் கேட்டுத்தான் நான் மாட்டச் சுறுக்கா விலத்தினன். உங்களுக்குக் கேக்கல்லையா?"

நான் அவரிடம் மாப்புக் கேட்டேன். "கேக்கல்ல" என்று சொல்ல வாய் வரவில்லை.

அங்கிருந்து திருக்கோவில் கராஜ் வரை இருபதிலும் இருபத்தைந்திலுமாக வந்தோம். 2.40 ஆகிவிட்டது. கராஜ்காரர் பெயர் கரன், நாற்பது வயதிருக்கும். ஜக்கால் காரைத் தூக்கி இடது முன் சில்லைக் கழற்றினார். வெளிப் பேட் நான் பார்த்தபடியே இருந்தது. உட்பக்கத்துப் பேட்டில் ஒன்றுமே இல்லை. வெறும் இரும்பு டிஸ்க்கை உழுது வைத்திருந்தது.

"கலிப்பர் ஓடுற பின் உப்புக் காத்துக்கு இறுகிற்று. அதால உள்ளுக்குள்ள உள்ளது மட்டும் தேய்ஞ்சிருக்கு. வெளியால பாத்தா ஒருநாளும் தெரியாது" என்றார் கரன். பேட் இரண்டையும் டிஸ்க்கில் அழுத்துகிற பிடிதான் கலிப்பர், அது நகர்வதற்கான இரும்பு ஊசிதான் பின். பிறகு வலது சில்லைக் கழற்றி ஒரு சின்னத் தகட்டைக் காட்டினார். பேட் முடியப் போகும்போது டிஸ்க்கில் உரசிக் கத்துவதற்கென்றே வைத்திருக்கும் தகடு. "இடப்பக்கத்து இதுதான் முதல்ல கத்தியிருக்கும். மூண்டு நாலு கிழமை விடாமக் கத்தியிருக்குமே. கேக்கல்லையா?"

அவர் அந்தத் தகட்டை டிஸ்க்கில் வைத்துக் கையால் டிஸ்க்கைச் சுழற்றினார். ஜெஸீமா முகத்தைச் சுளித்துக் காதில் கையை வைத்தாள். வாசலில் படுத்திருந்த நாய் எழும்பிப் போனது. எனக்கு டிஸ்க் சுற்றுவது தெரிந்தது. சத்தம் இல்லை. குனிந்து காதைக் கிட்டக் கொண்டுபோனேன். இன்னொரு தடவை சுழற்றச் சொன்னேன். ஒன்றுமே இல்லை.

"என்ன வேலை செய்தனீங்க, காக்கா?"

"அரிசி ஆலை. இருபத்தாறு வருசம்."

கரன் தலையை மட்டும் ஆட்டினார். புதுப் பேட் அக்கரைப்பற்றிலிருந்து வர ஒரு மணித்தியாலம் ஆகும் என்று சொல்லிவிட்டு, கலிப்பரைக் கழுவப் பின்பக்கம் போனார். எங்களைத் தனியே விடத்தான் போனார் என்று நினைக்கிறேன்.

பழைய டயர் ஒன்றின் மேல் இருந்தேன். ஜெஸீமா பக்கத்தில் வந்து நின்றாள்.

"வேற என்னென்ன எனக்குக் கேக்கல்ல?"

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். போன் அடிப்பது. கேத்தல் கூவுவது. பேத்தி பின்னால் நின்று கூப்பிடுவது. "புள்ளையள் சொல்ல வேணாம் எண்டாங்க. வாப்பாக்கு மனவருத்தமாப் போயிரும் எண்டு."

"பயந்து பயந்துதானா மூணு கிழமையும் ஏறின?"

"ஓம்."

"அப்ப ஏன் வந்த?"

"நான் வரல்ல எண்டா தனியப் போவீங்க."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அந்தக் கோபம் போய்விட்ட பிறகுதான் அவள் மிச்சத்தையும் சொன்னாள்.

"காலம்பற ராத்தா சொன்னதும் உங்களுக்குக் கேக்கல்ல."

"கேட்டிச்சே. சுகமா எண்டுதானே கேட்டா?"

"இல்ல. மச்சான் மவுத்தாகிறதுக்கு முதல் நாள் உங்கட பேரச் சொன்னாராம். காது கேக்காதா எண்டு ஆக்களுக்கு முன்னால கேட்டு அவன்ட மனச நோகடிச்சிற்றன், என்னைப் பொருந்திக்கொள்ளச் சொல்லு எண்டு சொன்னாராம். அதத்தான் அவ எல்லாருக்கும் முன்னால கேட்டா."

மன்னிப்புக் கேட்டதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும்.

"அப்பவே நீ சொல்லியிருக்கலாமே."

"வீடு நிறைய ஆக்கள். இவருக்குக் காது கேக்கல்ல எண்டு எப்பிடிச் சொல்ற? வீட்ட போய்ச் சொல்லுவம் எண்டு இருந்தன்."

பேட் வந்து, பின்களைச் சுத்தம் செய்து கிறீஸ் வைத்து, எல்லாம் பூட்டி முடிய 4.35. முன் பேட் ஒரு சோடி 8,500, கூலி 2,500 ரூபா. டிஸ்க்கை ஒரு மாதத்துக்குள் லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தச் சொன்னார். கரனே ஓட்டிப் பார்த்தார். பிறகு சாவியை என்னிடம் தராமல் ஜெஸீமாவிடம் கொடுத்து, "இப்ப சத்தம் ஒண்டும் வராது, அக்கா" என்றார். அவள் அதை என் கையில் வைத்தாள்.

கராஜ் வாசலில் கல்முனைக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். நான் வலப்பக்கம் திருப்பினேன்.

பொத்துவிலில் 5.30. காலையில் வந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள், ராத்தாவின் மூத்த மகள் மட்டும் இருந்தா. உள்ளறைக் கதவுக்குக் கிட்டக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். "ராத்தா, எனக்குக் காது மந்தம். காலம்பற நீங்க சொன்னது ஒண்டும் எனக்குக் கேக்கல்ல. சத்தமாச் சொல்லுங்க" என்றேன். என் வாயால் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ராத்தா சீலைக்குப் பின்னால் இருந்து உரத்துச் சொன்னா. இத்தா இருக்கிற ஒரு பெண், தெருவுக்குக் கேட்கும்படி, தன் கணவனுக்காக மன்னிப்புக் கேட்டா. அப்போதும் எனக்குப் பாதிச் சொல்தான் பிடிபட்டது. அது போதுமாயிருந்தது.

"பொருந்திற்றன் ராத்தா. முழு மனசோட பொருந்திற்றன். அவருக்கும் நான் நோவுபடச் சொல்லியிருக்கிறன். அதை அவர்ட்டக் கேக்க எனக்கு இனி வழியில்ல."

"அல்லாஹ் உங்களையும் பொருந்திக்கொள்ளட்டும்" என்றா.

மஃரிப் தொழுதுவிட்டு 6.40க்குப் புறப்பட்டோம், வழியில் இன்னும் ஆயிரம் ரூபாவுக்குப் பெட்ரோல்.

பொத்துவில், அறுகம்பைப் பக்கம் சொந்த வாகனத்தில் வரப்போகிறவர்களுக்குச் சில விஷயம். மழைக்குப் பிறகு காலையில் முதல் மூன்று நாலு பிரேக்குக்குக் கீச்சிட்டுப் பிறகு நின்றால், அது டிஸ்க்கில் பிடித்த துரு, பயமில்லை. ஓடும்போது மெல்லிசாய்க் கூவிக்கொண்டே வந்து, பிரேக் பிடித்தால் மாறுகிறதென்றால் அது அந்தத் தகடு. ஒரு கிழமைக்குள் கராஜுக்குப் போங்கள். கரகரவென்று மிதியில் உணர்ந்தால் அங்கேயே நிறுத்துங்கள், என்னைப் போல் ஊர்ந்துகொண்டு வராதீர்கள். திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடையில் நான் ஒரு கராஜும் காணவில்லை, அதனால் புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் வருடம் ஒரு தடவை சில்லைக் கழற்றி உட்பக்கத்துப் பேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த கிழமை கல்முனையில் காது பரிசோதித்தேன். ஒரு சின்ன அறைக்குள் இருத்தி, சத்தம் கேட்டால் கையை உயர்த்தச் சொன்னார்கள். முதலில் நாலைந்து தடவை உயர்த்தினேன். பிறகு சோதனை முடிந்துவிட்டது என்று நினைத்து இருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் சோதனை செய்கிற பெண் பிள்ளை பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தா. அவவின் விரலைப் பார்த்துக்கொண்டு கையை மடியில் வைத்தபடி நான் இருந்தேன்.

இத்தனை வருட ஆலைச் சத்தத்தில், கீச்சென்ற கூர்மையான சத்தங்கள் இரண்டு காதிலும் போய்விட்டன, வராது. கருவி மாட்டலாம், இன்னும் மாட்டவில்லை. அது வரும் வரை நான் கார் ஓட்டுவதில்லை. கல்முனையிலிருந்து பொத்துவிலுக்கு நேர் பஸ் இருக்கிறது, ஒருவருக்கு 280 ரூபா, இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. போன மாதம் அதில்தான் போனோம். ஜெஸீமா பாலமுனை வருவதற்குள் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். பொத்துவிலில் கொண்டக்டர் வந்து தட்டும் வரை எழும்பவில்லை.