கடலை மட்டும் பார்த்தவர்

தொண்ணூறுகளின் கடைசி. விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வெளியே கடலில் ஒரு சிறிய சொகுசுக் கப்பல் நின்றிருந்தது. அதில் தீவு தீவாகச் சுற்றும் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கோயில்களையும் பறவைகளையும் பற்றி எடுத்துச் சொல்வது என் மகளின் வேலை. அதை விட்டுவிடச் சொல்லத்தான் மீன்பிடித் துறைக்குப் போனேன்.

பயணிகளைக் கப்பலுக்குக் கொண்டுபோகும் ரப்பர் படகை ஓட்டியவர் ஒடிசலாக, நரைத்த தாடியோடு இருந்தார். யாரிடம் பேசினாலும் அவர் கண் அலைமீதே இருக்கும்.

"அண்ணாச்சி, எம் பொண்ணக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்றேன்.

"ஞான் அலையப் பாக்கணும் சாரே. எங்க எல்லாரையும் உங்க மோளுதான் பாக்குது."

அந்நேரம் ஒரு அலை படகைத் தூக்கியது. ஏறிக்கொண்டிருந்த வயதான வெள்ளைக்கார அம்மாள் சரிந்தார். மகள் அவர் முன்கையை இறுகப் பிடித்து உள்ளே இழுத்து உட்காரவைத்தாள். கொஞ்சம் தவறியிருந்தால் அவளும் விழுந்திருப்பாள்.

எல்லோரும் அமர்ந்தும் படகோட்டி படகை எடுக்கவில்லை.

"மேடம், எடுக்கட்டா?" என்று என் மகளிடம் கேட்டார்.

"ஒரு மினிட்டு சேட்டா."

ஒவ்வொருவரின் லைஃப் ஜாக்கெட்டையும் அவள் இழுத்துப் பார்க்கும்வரை காத்திருந்தார். "போகலாம்" என்று அவள் சொன்ன பிறகே படகு நகர்ந்தது.

வீட்டுப் பக்கத்துச் சாலைக் கடைத்தெருவுக்குக்கூட நான் தனியாக அனுப்பாத பெண் அவள். வந்த விஷயத்தைச் சொல்லாமலே பஸ் ஏறினேன்.

அந்தப் படகோட்டி என் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. இனி எங்காவது எதிரே வந்தால், "அந்த மேடத்தோட அப்பா" என்று நானேதான் என்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும்.