‘வாங்க’ சொல்லாத காளிச்சாமி

கொங்கு நாட்டில் ஒரு மனிதனுக்கு எந்த நோய் வேண்டுமானாலும் வரலாம். சர்க்கரை வரலாம், மூலம் வரலாம். காமாலை வந்தால் ஊரே கூடிக் கீழாநெல்லி பறித்துத் தரும். களைப்பு மட்டும் வரக்கூடாது. அது நோய்க் கணக்கில் சேராது, குணக் கணக்கில் சேர்ந்துவிடும். “களைப்பா இருக்குதுங்க” என்று ஒருவன் சொல்லிவிட்டால், அவன் வீட்டில் பெண் எடுக்கக்கூட யோசிப்பார்கள்.

இப்படிப்பட்ட சீமையில் காளிச்சாமிக்குக் களைப்பு வந்தது. அதுவும் ஓட்டக்காரன் காளிச்சாமிக்கு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விடியற்காலையில் அவிநாசி ரோட்டில் போனவர்களுக்கு அவனைத் தெரியாமல் இருக்காது. அன்றைக்கு அந்த ரோட்டின் இரு பக்கமும் புளியமரங்கள் இருந்தன. மார்கழிப் பனியில் எதிரே வரும் பஸ்ஸே மஞ்சள் புகையாகத்தான் தெரியும். அந்தப் புகைக்குள்ளிருந்து ஒரு சிவப்புப் பனியன் வரும். பால்கேன் கட்டிய சைக்கிள்கள் ஒதுங்கி வழிவிடும். நீலாம்பூரில் தோட்டத்து வீடான சாளையில் புறப்பட்டால் பீளமேட்டு மில்லின் சங்கு ஊதும்போது அவன் கேட்டில் நிற்பான். ஒருநாள் சங்கு பிந்தியபோது, “காளிச்சாமி இன்னும் வந்து சேரலையாட்டிருக்குது” என்று பேக்கரியில் தேங்காய் பன் தின்றுகொண்டிருந்தவர்கள் பேசிக்கொண்டார்களாம்.

மில்களுக்கு அந்நாளில் அப்படி ஒரு பெருமை இருந்தது. நூலும் நூற்பார்கள், ஓட்டக்காரனையும் வளர்ப்பார்கள். அரை ஷிப்டு மிஷினில், அரை ஷிப்டு மைதானத்தில். விளையாட்டுக்குப் பொறுப்பாளர் கோவிந்தராஜுலு. அவர் தம் வாழ்நாளில் ஓடியது ஒரே ஒரு முறை, அதுவும் நாய் துரத்தியதால். ஆனாலும் ஓட்டத்தைப் பற்றி அவருக்குத் தெரியாத நுணுக்கம் கிடையாது.

தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து ஐப்பசி மழையில் காளிச்சாமிக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் மரியாதையாகப் போய்விட்டது. களைப்பு மட்டும் சம்பந்தி வீட்டுக்காரர் மாதிரி தங்கிவிட்டது. தலை சீவினால் கை கடுத்தது. எத்தனை தூங்கினாலும் தூங்காத மாதிரி இருந்தது. ஒருநாள் கொஞ்சம் தெம்பாக இருக்கிறதே என்று சின்னியம்பாளையம் வரைக்கும் ஓடினான். அடுத்து மூன்று வாரம் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

ஊர் வைத்தியம் பார்த்தது. ஆட்டுக்கால் சூப்பு, கொள்ளு ரசம், அவிநாசியில் அர்ச்சனை. ஒன்றும் எடுபடவில்லை. பிறகு காரணம் கண்டுபிடிக்கும் வேலையில் இறங்கியது. கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது என்பதால், காரணம் சென்னியம்மாள்தான் என்று ஒரு கட்சி. வேலைக்குப் போக வலிக்கிறது என்று இன்னொரு கட்சி. சென்னியம்மாள் இரண்டு கட்சிக்கும் காபி போட்டுக் கொடுத்தாள்.

சாளை பஸ் ஸ்டாப்பை ஒட்டி இருந்தது. அதுதான் வினை. கோயமுத்தூருக்குத் துணி எடுக்கப் போனாலும், அவிநாசிக்குத் தேர் பார்க்கப் போனாலும், “அப்படியே காளிச்சாமியை ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிரலாம்” என்று சொந்தம் முழுக்க இறங்கியது.

அப்படி வந்தவர்களில் தலையானவர் சுப்பண்ணன். சென்னியம்மாளின் பெரியப்பா, பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர். கையில் தேங்காய்ப் பையோடு வருவார்.

“வாங்க மாமா, வாங்க வாங்க” என்று காளிச்சாமி எழுவான்.

“வந்தனுங்க மாப்ள. படுங்க, படுங்க. எந்திரிக்காதீங்க.”

எந்திரிக்காதீங்க என்று சொல்வது வந்தவரின் கடமை. எழுந்து நின்று வேட்டியைச் சரிசெய்வது இருப்பவனின் கடமை. இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, தாய்ப்பாலோடு வருவது. பிறகு மழை விசாரிக்க வேண்டும், மாடு விசாரிக்க வேண்டும். “காபி குடிங்க மாமா” என்றால் “இப்பத்தானுங்க குடிச்சேன்” என்பார். உடனே விட்டுவிட்டால் அது அவமரியாதை. மூன்று தரம் மன்றாட வேண்டும். புறப்படுவது அதைவிடப் பெரிய வேலை. கட்டிலருகே ஒருமுறை “போயிட்டு வாரனுங்க”, வாசலில் ஒருமுறை, வேலிப்படலில் ஒருமுறை. பஸ் ஸ்டாப் வரை கூடப் போய், பஸ் மறைகிற வரை நின்றுவிட்டு வந்து, காளிச்சாமி வெட்டிய வாழைபோல் சாய்வான்.

கடைசியில் சென்னியம்மாள் அவனை டவுனுக்கு, டாக்டர் ஜாஹிதாவிடம் கூட்டிப்போனாள். ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே எல்லாவற்றிலும் காளிச்சாமி பாஸ்.

“போன வாரம் என்னென்ன செஞ்சாரு?” என்று டாக்டர் கேட்டார்.

“ஒண்ணுமே செய்யலீங்க. படுத்தே கெடந்தாருங்க” என்றாள் சென்னியம்மாள். “வெள்ளிக்கெழம எங்க பெரீப்பா வந்தாரு, பஸ் ஏத்தி உட்டாரு. சனிக்கெழம கருமத்தம்பட்டி அத்தை. ஞாயித்துக்கெழம மில்லுல இருந்து ஒரு டெம்போ நெறைய ஆளுங்க.”

“திங்கக்கெழம?”

“எந்திரிக்கவே முடியலீங்க. சோறுகூட ஊட்டித்தான் உட்டேன்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “இதுக்குப் பேரு நாள்பட்ட களைப்பு நோய். சில பேருக்குக் காய்ச்சலுக்கப்புறம் வரும். சோம்பேறித்தனம் இல்லை, நெசமான நோய். ஏனுங்க, உங்க தோட்டத்துல கெணறு இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க” என்றாள் சென்னியம்மாள்.

“ஊத்து அரை அடி ஊறுனதும் மோட்டாரைப் போட்டு வறட்டு வறட்டுனு எறைச்சா என்னாகும்? அதத்தான் நீங்க செய்யறீங்க. கொஞ்சம் ஊறட்டும். அதுலயும் பாதிதான் எறைக்கணும். களைப்பு வந்து நிறுத்தக்கூடாது, வர்றதுக்கு முன்னாடியே நிறுத்தணும்.”

“ஓடக்கூடாதுங்களா?” என்றான் காளிச்சாமி. அந்த அறையில் அவன் பேசிய முதல் வார்த்தை அது. கண் கலங்கியிருந்தது.

“ஓடறதை அப்புறம் பாக்கலாம். மொதல்ல வாங்க சொல்றதை நிறுத்துங்க. யார் வந்தாலும் எந்திரிக்கக்கூடாது, பேசக்கூடாது.”

காலை எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால்கூட இருவரும் இப்படி அதிர்ந்திருக்க மாட்டார்கள்.

“டாக்டரம்மா,” சென்னியம்மாள் கெஞ்சினாள், “ஊசி ஏதாச்சும் போடுங்க. எத்தனை குத்துனாலும் தாங்குவாருங்க.”

“இதுக்கு ஊசி இருந்தா நானே குத்தியிருக்க மாட்டேனா அம்மணி?”

விதி சுப்பண்ணன் ரூபத்தில் அந்த வாரமே வந்தது. தேங்காய்ப் பையோடு வாசலில் நின்றார். காளிச்சாமியின் உதடு ‘வா’ வரைக்கும் குவிந்துவிட்டது. சென்னியம்மாள் ஒரு பார்வை பார்த்தாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். வாழ்நாளில் ஓடிய எந்த ஓட்டத்திலும் நெஞ்சு அப்படி அடித்ததில்லை.

“மாப்ள தூங்கறாருங்களா?”

சென்னியம்மாளுக்குப் பொய் வராது. “முழிச்சுட்டுத்தானுங்க இருக்காரு. டாக்டரம்மா பேசக்கூடாதுன்னுட்டாங்க. நீங்க வாங்க பெரீப்பா, காபி குடிச்சுட்டு...”

“ஊட்டுக்காரரு வாங்கன்னு சொல்லாத ஊட்டுல எனக்கு என்ன காபி அம்மணி?”

போய்விட்டார். கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப் போவது மரியாதை இல்லை என்பதால் தேங்காய்களை மட்டும் படியில் வைத்துவிட்டுப் போனார். கோபத்திலும் முறை தவறாதவர். அந்தத் தேங்காய்களை உடைத்துச் சட்னி அரைப்பதா, திருப்பி அனுப்புவதா என்று சென்னியம்மாளுக்குத் தெரியவில்லை. யோசித்து முடிப்பதற்குள் அவை முளைவிட்டுவிட்டன. ஒன்றைக் கிணற்றோரம் நட்டுவைத்தாள்.

சேதி அந்தியூர்ச் சந்தை வரைக்கும் போனது. ‘காளிச்சாமிக்குத் தலைக்கனம்’ என்றார்கள். சொந்தம் இறங்குவது நின்றது. பஸ்கள் அந்த ஸ்டாப்பில் ஆளை இறக்காமல் போயின. சாளை முதல்முறையாக அமைதியானது, கிணறு ஊறத் தொடங்கியது.

அது வேகமாக ஒன்றும் ஊறவில்லை. முதலில் கட்டிலிலிருந்து திண்ணை வரைக்கும், பிறகு மோட்டார் ரூம் வரைக்கும், பிறகு வேலிப்படல். ‘இன்னும் கொஞ்சம் போகலாம்’ என்று தோன்றும் இடத்தில் திரும்ப வேண்டும். பாதிச் சாலில் ஏரை நிறுத்தினால் பாவம் என்று நம்பும் குலத்தில் பிறந்தவனுக்கு இது எப்படிப்பட்ட தண்டனை என்பதை வெளியூர்க்காரர்கள் அறிய மாட்டார்கள். ஒரு தைப்பொங்கலுக்கு அவன் திரும்ப மறந்தான். சிவராத்திரி வரை படுத்தான். சென்னியம்மாளும் சிவராத்திரி வரை அவனோடு பேசவில்லை.

மில் அவனைக் கேட் ஆபீஸில் உட்காரவைத்தது. வருஷங்கள் போயின. தென்னங்கன்று இடுப்பளவு வந்தது. அவன் மெல்ல ஓடவும் ஆரம்பித்திருந்தான். தொண்ணூற்றேழு தையில், கருமத்தம்பட்டியிலிருந்து மில் வரைக்கும் வழக்கமான சாலை ஓட்டம். கோவிந்தராஜுலு சிவப்புப் பனியனோடு வந்தார்.

“பாதியில நின்னுட்டா மில்லு பேரு என்னாகறது காளிச்சாமி?”

“நிக்கறதுக்குக் கத்துக்கத்தானுங்க இத்தனை வருஷமாச்சு.”

சென்னியம்மாள் ஒரே நிபந்தனை போட்டாள். “மெடலெல்லாம் எனக்கு வேண்டாமுங்க. மறுநா காலைல நீங்களா எந்திரிச்சுப் பல்லு வெளக்கோணும். அதான் எனக்கு மெடல்.”

ஓடினான். பழைய பனி, பழைய புளியமரம், காலுக்கடியில் பழைய ரோடு. முன்னே பத்துப் பதினைந்து பேர், பின்னே அத்தனை பேர். நீலாம்பூர் நெருங்கும்போது கெண்டைக்காலில் ஈரச்சாக்கு கட்டியதுபோல ஒரு சிறு கனம். வேறு யாருக்கும் அது ஒன்றுமே இல்லை. அவனுக்கு அது மணியோசை.

ஓட்டத்துக்காக பஸ்களை நிறுத்தியிருந்தார்கள். ஸ்டாப்பில் ஒரு கூட்டம். அதன் முன்னால், அவிநாசிக் கல்யாணத்துக்குப் போகும் பட்டுவேட்டியில் சுப்பண்ணன். மூன்று வருஷமாக அந்தச் சாளைப் பக்கம் திரும்பிப் பாராதவர். இன்னும் நாலு மைல் ஓடினால் சொந்தத்தின் வாயை அடைத்துவிடலாம். கூட்டம் கைதட்டியது. காளிச்சாமி நின்றான். மைல்கல்லில் உட்கார்ந்துகொண்டான்.

கைதட்டல் அறுந்தது. “என்னப்பா, அவ்வளவுதானா?” என்று எவனோ சிரித்தான்.

மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தவன் முன்னால் பட்டுவேட்டி வந்து நின்றது. முறைப்படி அவன்தான் எழுந்து வாங்க சொல்ல வேண்டும். சொல்லவில்லை. நிமிர்ந்து பார்த்துச் சிரிக்க மட்டும் செய்தான். சுப்பண்ணன் அவனுடைய நடுங்கும் காலைப் பார்த்தார். ஓடி மறையும் கூட்டத்தைப் பார்த்தார். நல்ல காலோடு ஒருவன் வேண்டுமென்றே தோற்று உட்காருவானா என்ற கணக்கு அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

“வாங்க மாப்ள,” என்றார், “ஊட்டுக்குப் போலாம்.”

கல்யாணத்துக்குப் போகவில்லை. அன்று சாளையிலேயே தங்கினார். மாப்பிள்ளையை எழுப்பாமல் தென்னங்கன்றோடு மட்டும் நெடுநேரம் பேசினார்.

மறுநாள் விடிகாலையில் காளிச்சாமிக்கு விழிப்பு வந்தது. கண்ணைத் திறக்காமல் முதலில் கால்விரலை அசைத்தான். பிறகு முட்டி. பிறகு மெதுவாக எழுந்து நின்றான். தரை தரையாகவே இருந்தது. தொட்டியடிக்குப் போய்ப் பல்லை விளக்கி, உள்ளே படுத்திருந்தவளுக்குக் கேட்க வேண்டுமென்றே ஊருக்கெல்லாம் கேட்கும்படி கொப்பளித்தான். உள்ளே அடுப்படி விளக்கு எரிந்தது.

“இத்தனை சத்தமாவாங்க மாப்ள கொப்பளிப்பாங்க?” என்று போர்வையோடு சுப்பண்ணன் வாசலுக்கு வந்தார்.

காளிச்சாமி துண்டை இடுப்பில் கட்டி, நிமிர்ந்து நின்று, மூன்று வருஷத்துப் பாக்கியைச் சேர்த்துச் சொன்னான்: “வாங்க மாமா, வாங்க, வாங்க! காபி குடிக்கலாம்.”

அப்போதுதான் தூங்கி எழுந்த சுப்பண்ணன் சொன்னார்: “இப்பத்தானுங்க குடிச்சேன்.”